ராட்டினத்தோடு ஊர் மாறும் பிள்ளைக்கு ஒரே பள்ளி: என்ன செய்வது, எப்படிச் செய்வது

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களுக்குத் திருவிழாக் காலத்தில் பன்ஃபேர், அதாவது ராட்டினத்தோடு ஊர் ஊராகப் போகும் கேளிக்கைச் சந்தை, வரும், சில நாள் நிற்கும், போய்விடும். அதை ஓட்டும் குடும்பத்துப் பிள்ளையின் பெயருக்கு எதிரே பள்ளிப் பதிவேட்டில் வரிசையாக ‘வரவில்லை’ என்று விழும். கொஞ்ச நாளில் ‘ராட்டினக்காரன் பிள்ளைக்குப் படிப்பு எங்கே ஏறும்’ என்று ஊரும் முடிவு கட்டிவிடும். பிள்ளையின் மூளையில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறெல்லாம் காகிதத்தில். அதைச் சரிசெய்யும் வழி இது. பெற்றோரோடு பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் கமிட்டியும் படிக்க வேண்டும்.

தாய்ப் பள்ளி ஒன்றே போதும்

போகும் ஊரிலெல்லாம் பள்ளி மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கடனுதவிப் பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடுதல் உணவுத் திட்டத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுக்க வேண்டும், ஆசிரியர் பிள்ளையைப் புரிந்துகொள்வதற்குள் லாரி கிளம்பிவிடும். தாத்தா பாட்டி இருக்கும் ஊரிலோ, மழைக்காலத்தில் ராட்டினத்தை இறக்கி வைக்கும் ஊரிலோ ஒரு பள்ளியைப் பிடித்து, அங்கேயே பெயரை வைத்திருங்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் 150 பிள்ளைகள்கூட இல்லை. ஒரு பிள்ளை வராவிட்டால் உடனே கவனிக்கும் பள்ளி இவர்களுக்கு மிகவும் தேவை.

இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டம், ஊர் சுற்றித் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை 12 மாதத்தில் 200 அரைநாள் பள்ளிக்கு வந்திருந்தால் பெற்றோரைத் தண்டிப்பதில்லை. அதே 1996-இல் வந்த மலேசியக் கல்விச் சட்டத்தில் அப்படிச் சலுகை இல்லை. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே கிளம்பும் முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த ஊர், எந்தத் திடல், யாருடைய தொலைபேசி எண். கடிதம் இல்லாமல் தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டு விட்டு 10 நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், அடுத்ததும் அப்படியே.

பயண நோட்டு

ஜெர்மனியில் கேளிக்கைச் சந்தைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பள்ளி நாட்குறிப்பைக் கையோடு கொண்டுபோவார்கள். எந்தப் பள்ளியில் எதுவரை படித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாமும் செய்யலாம். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, ஊர், பாடம், பாடநூல் பக்கம், எங்கே தடுமாற்றம். கடைசிக் கட்டம்தான் உயிர். ‘கணிதம் நடந்தது’ என்று எழுதினால் அடுத்த ஆசிரியருக்கு எதுவும் புரியாது. ‘ஆண்டு 3, வகுத்தல். மீதி வந்தால் அதை விட்டுவிடுகிறான்’ என்று இருந்தால் மறுநாளே அங்கிருந்து தொடங்கலாம். தாய்ப் பள்ளியின் சாப்பும் (முத்திரை) வகுப்பாசிரியர் கையெழுத்தும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் நிற்கும் ஊரில், அந்த நோட்டோடு பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, பிள்ளை வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். அனுமதிப்பது அவர் கையில்தான். ஆனால் நோட்டோடு வருகிறவர்களை லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கெடா மாநிலத்தில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. பேராவிலிருந்து போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

படிக்கும் நேரம் காலை 10 முதல் 12 வரை. இரவு ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் படிப்பு வராது. டிக்கெட் கவுண்டரில் பிள்ளையை உட்கார வைப்பதையும் நிறுத்துங்கள்: 15 வயதுக்குக் கீழே உள்ளவரை இரவு 8 முதல் காலை 7 வரை வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது, சொந்தக் குடும்பத் தொழிலானாலும்.

பத்திரம்

பெரும்பாலும் சிக்குவது இங்கே, பிறப்புப் பத்திரத்தில்தான். பிறப்பை 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு. விசாரணையும் சாட்சியும் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டு, திருமணத்தைப் பதியாமல் விட்டவர்கள் நிறைய. தாய் வெளிநாட்டவராக இருந்து, பிள்ளை பிறக்கும்போது திருமணம் பதியப்படாமலும் இருந்தால், தகப்பன் குடியுரிமை பிள்ளைக்குச் சேராது. வயது வரம்பு தாண்டுவதற்குள் அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ விதியின்கீழ் விண்ணப்பிக்கலாம். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம், ஆதலால் இன்றே தொடங்குங்கள். பத்திரம் இல்லை என்று பள்ளி வாசலிலேயே திரும்பி வந்துவிடாதீர்கள். தாயோ தகப்பனோ மலேசியக் குடிமகனானால், கையில் இருக்கும் காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சார் மாவட்டம். 12 வயதானதும் ஐசி (அடையாள அட்டை) எடுக்க மறக்க வேண்டாம்.

ஊர் செய்ய வேண்டியது

திருவிழாவுக்கு ராட்டினம் போட இடம் கொடுக்கும் கமிட்டி, ஒப்பந்தம் பேசும்போதே ‘பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?’ என்று கேட்டுப் பள்ளிக்குச் சொல்லிவிடலாம். கோயில் மண்டபத்தில் காலையில் ஒரு மேசையும் மின்விளக்கும் கொடுத்தாலே பெரிய உதவி. ஆசிரியர்களே, இந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள், மறுவாரம் போய்விடுவான் என்று தெரிந்தாலும்.

ஆண்டு 6-இல் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். படிவம் 1-க்கு எந்த இடைநிலைப் பள்ளி கிடைத்தது என்பதைத் தாய்ப் பள்ளியிடம் கேட்டு, பதியும் நாளில் ஊரில் இருங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய் போதாவிட்டால் படிவம் 1-க்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் போகும். அதைத் தவிர்க்க, ஆண்டு 4 முதலே பயண நோட்டில் தினமும் மலாய் வாசிப்புக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.