மைக்ரோபிட்டில் ரகசியத் தகவல் விளையாட்டு

நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினியான மைக்ரோபிட் அட்டை இரண்டு இருந்தால் போதும், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ரகசியம் அனுப்பலாம். ஒரு தொல்லை, அதன் 25 விளக்குத் திரையில் தமிழ் எழுத்து ஓடாது. அதனால் எண்ணாக மாற்றிவிடுவோம், ரகசியமும் அதிலேயே ஆகிவிடும்.

க-விலிருந்து ன வரை மெய் 18, அ-விலிருந்து ஔ வரை உயிர் 12. ஒவ்வொரு எழுத்துக்கும் முதலில் மெய்யின் எண், அப்புறம் உயிரின் எண், இரண்டிரண்டு இலக்கமாக. மா என்றால் 1002. வெறும் உயிரெழுத்துக்கு மெய் 00, புள்ளி வைத்த எழுத்துக்கு உயிர் 00. ஜ, ஷ இருக்கிற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். இதன் மேல் ஒரு சாவி: இன்றைக்கு 3 என்றால் மெய்யோடு மட்டும் 3 கூட்டுங்கள், 18-ஐத் தாண்டினால் 18 கழியுங்கள், மெய் 00-ஐ மட்டும் தொடாதீர்கள். ‘மாடிக்கு’ இப்படி ஆகும்: 1302080304000405. பிரிப்பவர் 00 அல்லாத மெய்யெண்ணில் மட்டும் 3 கழிக்க வேண்டும். விடை 0 அல்லது அதற்குக் கீழே போனால் 18 கூட்டிக்கொள்ளட்டும்.

இனி மேக்கோடில், அதாவது கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் இணையதளத்தில், நிரல். தொடக்கத்தில் ரேடியோ குரூப் எண்ணை 0 முதல் 255-க்குள் ஒன்றாக வையுங்கள், இரண்டு அட்டையிலும் அதே எண். ஏ பொத்தான் இலக்கத்தை ஒவ்வொன்றாக ஏற்றட்டும், 9 தாண்டினால் 0. பி அந்த இலக்கத்தைச் செய்தியின் வாலில் ஒட்டிவிட்டு மறுபடி 0-வுக்கு வரட்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் செய்தி போய், அதைச் சேர்த்து வைத்த மாறி, அதாவது நிரல் தகவல் வைக்கும் பெட்டி, காலியாக வேண்டும். வந்ததை ஒரு மாறியில் வைத்து, அட்டையைக் குலுக்கினால் மறுபடி ஓடுகிற மாதிரி செய்யுங்கள், ஏனென்றால் 16 இலக்கம் ஒரே ஓட்டத்தில் யாருக்கும் மனதில் நிற்காது.

செய்தியை எண்ணாக அனுப்பாமல் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது குறிகளின் வரிசையாகத்தான், அனுப்ப வேண்டும். நான் முதலில் எண்ணாக அனுப்பி, ‘கூ’வுக்கான 0406 அங்கே 406 ஆகப் போய், எதிர்ப்பக்கத்து ஆள் அதை 40, 6 என்று பிரித்து முழித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்ட்ரிங்கில் 19 குறிதான் கொள்ளும், ஆக ஒரு முறைக்கு நான்கு எழுத்து. ‘மாடிக்கு வா’ என்றால், மீதி ‘வா’ என்பதை அடுத்த தடவை 1702 என்று அனுப்புங்கள்.

அதே குரூப் எண் வைத்த எந்த அட்டையும் இதைக் கேட்கும். மூன்றாவது அட்டை கிடைத்தால் அதை வைத்திருப்பவரை ஒற்றன் ஆக்குங்கள், சாவியை மட்டும் அவர் காதில் விழாமல் சொல்லிக்கொள்ளுங்கள். மொத்தம் 17 சாவிதான், உயிரெண்ணும் மறையவில்லை, அதனால் பொறுமைசாலி ஒற்றன் பிடித்துவிடுவார். அவர் பிடித்ததும் சாவியை மாற்றி அடுத்த ஆட்டம்.