அறுகம்குடா போட்டிக்கு டென்ட், சவுண்ட், சாப்பாடு குடுக்கணுமா? டெண்டர் வேலைய இப்பவே தொடங்குங்க

அறுகம்குடா இரிக்கிற பொத்துவில்ல சேர்ஃபிங் (அலைச்சறுக்கு) போட்டி எண்டு பேனர் கட்டினாப் பிறகு நம்மட ஆக்கள் ஓடி வந்து கேக்குறாங்க, அண்ணே எங்கட கதிரை டென்ட்ட குடுக்க ஏலுமா எண்டு. அப்ப கேட்டு வேலையில்ல, அந்த நேரம் எல்லாம் முடிஞ்சிரிக்கும். நான் மட்டக்களப்புல டென்ட், சவுண்ட் வாடகைக்கு குடுக்கிற ஆள், அனுபவத்தில சொல்லுறன்.

முதல்ல ஒரு விசயத்த விளங்கிக்கணும். 2019 செப்டம்பர்ல அறுகம்குடாவுல வேர்ல்ட் சேர்ஃப் லீக் எண்ட சர்வதேச சேர்ஃபிங் அமைப்போட 'சோ ஸ்ரீலங்கா ப்ரோ' போட்டி நடந்திச்சு தானே, அந்த மாதிரிப் போட்டிய நடத்துற உரிமை ஒரே ஒரு அமைப்புக்கிட்டத்தான் இரிக்கும், அதால அரசாங்கம் அதுக்கு விலை கேட்டு டெண்டர் போட ஏலாது, நேரடியா ஒப்பந்தம் செய்றதுக்கு பெறுகை விதியில (அரசாங்கம் சாமான், சேவை வாங்குற விதி) இடமிரிக்கு. ஆனா மேடை, சவுண்ட், டென்ட், கதிரை, ஜெனரேட்டர், சாப்பாட்டுப் பார்சல், வேன் இதெல்லாம் பத்துப் பேர் குடுக்கக்கூடிய சாமான். அரசாங்கக் காசில இத எடுக்கிறதெண்டா போட்டி விலை கேக்கிறதுதான் முறை, தொகைய துண்டு துண்டா உடைச்சு விதியில இருந்து தப்புறதும் கூடாது. சுற்றுலா மேம்பாட்டுக்குப் போற காசில ஒரு பங்கு பதிவு செஞ்ச ஹோட்டல்கள் விற்பனையில 1 வீதம் கட்டுற வரி, அப்ப அறுகம்குடா உல்லையில இரிக்கிற கெஸ்ட் ஹவுஸ்காரர்ட காசும் அதுக்குள்ள இரிக்கு. அதால இத கேக்கிறதுக்கு நமக்கு உரிமை இரிக்கு, கூச்சப்படாதீங்க.

சரி, செய்யவேண்டியது. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிவ எடுங்க, வியாபாரப் பெயரிலேயே பேங்க் கணக்கு திறங்க. பிறகு வருசக் கடைசியில பேப்பரப் பாருங்க, கச்சேரி (மாவட்ட செயலகம்), பிரதேச சபை, திணைக்களங்கள் எல்லாம் அடுத்த வருசத்துக்கு வழங்குநர்கள் பதிவு எண்டு விளம்பரம் போடும். சின்னத் தொகை வேலைக்கு பெரும்பாலும் அந்தப் பட்டியல்ல இரிக்கிற ஆக்களுக்குத்தான் கொட்டேஷன் கடிதம் வரும். எந்த வகைக்கு பதியிறீங்க எண்டத கவனமாப் போடுங்க, சவுண்டுக்கு மட்டும் பதிஞ்சா டென்ட்டுக்கு கடிதம் வராது. அரசாங்கத்திட ப்ரோமிஸ் எண்ட இணையப் பெறுகைத் தளத்திலயும் பதிஞ்சு வைங்க. 50 லட்சத்துக்கு மேல போற டெண்டர் எண்டா 1987ம் ஆண்டு 3ம் இலக்க பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி தனியா பதியணும், அது இல்லாட்டி டெண்டர் மனு தள்ளுபடி.

சில நேரம் முழு நிகழ்ச்சியையும் ஒரு ஈவென்ட் கொம்பனிக்கு பெக்கேஜா குடுத்திடுவாங்க. அப்ப அரசாங்கத்துக்கு மனு போட்டு வேலையில்ல, அந்தக் கொம்பனிக்கு உங்கட விலைய எழுத்தில அனுப்புங்க, அட்வான்ஸ் வாங்காம லொறி ஏத்தாதீங்க.

இப்ப விலை போடுறது, இதிலதான் கன பேர் அடி வாங்குறாங்க. சேர்ஃபிங் கிரிக்கெட் மேட்ச் மாதிரி இல்ல, அலை நல்லா வந்தாத்தான் நடக்கும், அதுக்காக போட்டிக்கு எண்டு சில நாள் ஒதுக்கி வச்சு காத்திரிப்பாங்க, அலை இல்லாத நாளிலயும் உங்கட சாமான் கடற்கரையில தான் கிடக்கும், பொடியன்மாருக்கு சாப்பாடும் கூலியும் ஓடும். அதால போட்டி நடக்கிற நாளுக்கு ஒரு விலை, காத்திரிக்கிற நாளுக்கு ஒரு விலை எண்டு கேக்க ஏலுமா எண்டு மனு முடியிறதுக்கு முதலே எழுத்தில கேளுங்க. அவங்க விலைப்பட்டியல நீங்களா மாத்தி எழுதினா தள்ளுபடி ஆகிடும். பிறகு காத்து. அங்க காலையில அமைதியா இரிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பும், மணலில கட்டை அடிச்சா நிக்காது, மண் மூட்டைக்கும் ஆளுக்கும் விலை சேருங்க. மட்டக்களப்புல இரிந்து பொத்துவில் வரை லொறி போய்வாற செலவையும் மறக்காதீங்க.

ஒரு தரம் ஒரு அலுவலகத்துக்கு நான் போட்ட விலை தான் ஆகக் குறைவு, ஆனா ஒரு பக்கத்தில கையொப்பம் வைக்க மறந்திட்டன், மனுவ ஏத்துக்கல்ல. அண்டைக்கு இரவு நித்திரையே இல்ல. அதுக்குப் பிறகு எப்பவும் இன்னொரு ஆளிட்ட குடுத்து ஒவ்வொரு பக்கமாப் பாக்க வைப்பன். கூட்டுத்தொகையையும் பாருங்க, அலகு விலையும் மொத்தமும் பொருந்தாட்டி பெரும்பாலும் அலகு விலையத்தான் எடுப்பாங்க. வெட் (VAT) வரிப் பதிவு இல்லாட்டி அத சேர்க்காதீங்க. நேரம் முக்கியம், ஒரு நிமிசம் பிந்தினாலும் உறைய திறக்காம திருப்பித் தருவாங்க. திறக்கிற நேரம் போய் இரிங்க, எல்லாருக்கும் முன்னால விலைய வாசிப்பாங்க, நீங்களும் எழுதி எடுங்க.

வேலை கிடைக்காட்டி ஏன் எண்டு கடிதம் குடுத்து கேளுங்க. பதில் இல்லாட்டி 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரிக்கு, காரணம் சொல்லத் தேவையில்ல, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தருவதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். யாராவது கொமிசன் கேட்டா லஞ்ச ஆணைக்குழுட இலக்கம் 1954.

வேலை கிடைச்சா, ஓடர் கடிதம் கையில வந்தாப் பிறகுதான் சாமான் ஏத்துங்க. அங்க போனதும் ஆரும் வந்து இன்னும் 50 கதிரை போடுங்க தம்பி எண்டா, சந்தோசமா போடுங்க, ஆனா அந்த இடத்திலேயே ஒரு தாளில கையொப்பம் வாங்கிட்டு.