காலை சுகர் அளவைக் குடும்பக் குழுவில் பகிர்வது எப்படி?

எங்கள் குடும்பத்தில் நாலு பேருக்கு சுகர், ஆளுக்கொரு ஊர். வாட்ஸ்அப்பில் குழு வைத்து, தினமும் வெறும் வயிற்று அளவைப் போட்டுக்கொள்கிறோம். அதை அமைக்கும் முறை இது. குளுக்கோமீட்டரில் குத்திப் பார்க்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. குழுவைத் தொடங்கியதும் 'மறையும் செய்திகள்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் 90 நாளுக்குள் எல்லாம் அழிந்துவிடும். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகர்) ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. இதற்கென்று தனிச் செயலிகள் உண்டு. எனக்குப் பிடிக்காது, பெரியம்மாவுக்கு பாஸ்வேர்டு நினைவிருக்காது. வாட்ஸ்அப்பும் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரும் போதும்.

2. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் போயிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு குத்துங்கள். பழம் உரித்த விரலென்றால் மீட்டர் அந்த இனிப்பையும் சேர்த்துக் காட்டும்.

3. பல குழுக்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். ஒருவர் வெறுமனே '148' என்று போடுவார். உடனே "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று நாலு பேர் விசாரணை வைப்பார்கள். அப்புறம் அவர் நல்ல எண் வரும் நாளில் மட்டும்தான் வாய் திறப்பார். அதனால் எண்ணோடு நேரம், இரவு உணவு, தூக்கம் மூன்றையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்:

148, காலை 6.10, இட்லி 3, தூக்கம் சரியில்லை

ஒன்றுமே சாப்பிடாமலும் காலையில் கூடலாம். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விடும். மீட்டரும் துல்லியமில்லை. 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதை மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. நேற்று 140, இன்று 148 என்பதெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை. ஒரு வாரத்துப் போக்கைப் பாருங்கள்.

இந்த வடிவத்தைக் குழு விவரத்தில் எழுதி வையுங்கள். செய்தியாகப் போட்டு மேலே 'பின்' (pin) செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும்.

4. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போதும். "நானும் நேற்று நடக்கவில்லை, சாயங்காலம் போன் பேசிக்கொண்டே நடப்போமா?" என்றால் இன்னும் நல்லது. மாத்திரையைக் கூட்டு, இன்சுலினைக் குறை என்ற பேச்சு மட்டும் கூடவே கூடாது. அது டாக்டர் வேலை.

70-க்குக் கீழே காட்டினால் குழுவில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் குறைவாகவே இருந்தால் திரும்பவும் குடியுங்கள். மயக்கமாக வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: சிங்கப்பூரில் இருக்கும் தங்கை '6.8' என்று போட, குழுவே பதறியதாக ஒருவர் எழுதியிருந்தார். அங்கே மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம்முடைய மில்லிகிராம் கணக்கு, சுமார் 122. அப்படி யாராவது இருந்தால், பெருக்கிய எண்ணையே போடச் சொல்லிவிடுங்கள்.