பைதான் பட்டியலில் நகலெடுத்தலும் நீக்கலும்

பைதான் நிரல்மொழியில் ஒரு பட்டியலைச் சமக்குறியிட்டு மற்றொரு மாறிக்குக் கொடுப்பதால் நகல் உருவாவதில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். காப்பி (copy) முறை தனிப் பட்டியலைத் தரும் என்றாலும், உள்ளே வேறு பட்டியல்கள் இருப்பின் அவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும் என்பதால், அங்கு உள்பட்டியல்களையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி (deepcopy) தேவை.

இதைவிட எளிதில் ஏமாற்றுவது, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் (for) சுழற்சி ஓடும்போதே அதே பட்டியலிலிருந்து உறுப்புகளை நீக்குவது. [2, 4, 5, 6] என்பதிலிருந்து இரட்டை எண்களை இவ்வாறு நீக்கிப் பாருங்கள்: 2 போனதும் 4 அதன் இடத்துக்கு நகர்ந்துவிட, சுழற்சியோ அடுத்த இடத்துக்குத் தாவிவிடுவதால், பிழைச்செய்தி ஏதுமின்றி [4, 5] எஞ்சும். வேண்டியவற்றை மட்டும் திரட்டிப் புதிய பட்டியல் அமைப்பதையே நான் விரும்புகிறேன். சுட்டெண்ணை (உறுப்பின் இட எண்ணை) கொண்டு நீக்கியே ஆகவேண்டுமெனில், கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்பை நோக்கி வாருங்கள்.