காயப்பட்ட காட்டு விலங்கைக் கிளினிக்கில் கவனிக்காமல் போட்டிருந்தால் என்ன செய்வது?

வயர்க் கண்ணியில் சிக்கிய மரநாய், வேனில் அடிபட்ட ஆந்தை, மின்கம்பியில் கருகி விழுந்த குரங்கு. இலங்கை மலையகத்தில் இப்படியொன்றைக் கண்டால் யாராவது பெட்டியிலோ சாக்கிலோ போட்டு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே பல தடவை அந்தப் பெட்டி திறக்கப்படாமலே ஒரு மூலையில் கிடக்கிறது. இரக்கமில்லாததால்தான் இது நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். வீட்டு நாய்க்குச் சொந்தக்காரர் இருக்கிறார். பில் கட்டவும், என்ன ஆனது என்று கேட்கவும் ஆள் உண்டு. காட்டு விலங்குக்கு அப்படி யாருமில்லை. வனஜீவராசித் திணைக்களக்காரர்கள் வந்து எடுப்பார்கள் என்று டாக்டர் இருப்பார். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் இருப்பார்கள். கொண்டு வந்தவர் இரண்டு பேரையும் நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே உங்கள் முதல் வேலை, அந்த விலங்குக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரை ஒரு மணி நேரத்துக்குள் தாளில் ஏற்றுவது.

கிளினிக்குக்குப் போகுமுன்

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. விலங்கைத் தொடுமுன்பே அழையுங்கள். அழைத்த நேரம், பேசியவரின் பெயர், அவர் சொன்ன பதில் மூன்றையும் அந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். பின்னால் எந்த முறைப்பாட்டுக்கும் அடித்தளம் இந்த மூன்று வரிதான். மறுமுனையில் சிங்களத்தில் பேசக்கூடும். உங்களுக்குத் தடுமாற்றம் என்றால் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், மலை இலக்கம், பக்கத்து பிரதான வீதி இவற்றைச் சொன்னால்தான் வருபவர்கள் வழி தவற மாட்டார்கள்.

சிறுத்தை, மரை, காட்டுப்பன்றி என்றால் கிளினிக் பேச்சே வேண்டாம். ஆட்களைத் தூர விலக்கி, நாய்களைக் கட்டிவைத்து, 1992க்கும் பொலிஸுக்கும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கண்ணியில் கிடக்கும் சிறுத்தையைச் சுற்றிக் கூட்டம் சத்தம் போடப் போட அது திமிறும். கம்பி இன்னும் இறுகும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் சில நாட்களில் அது செத்துப்போனது. கம்பியிலிருந்து விடுபட்டதும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை.

சிறிய விலங்கென்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். அடியில் துணி விரியுங்கள். வழுக்கும் பத்திரிகைத் தாள் வேண்டாம், கால் விரிந்துவிடும். கம்பிக் கூண்டில் பறவையை வைத்தால் அடித்துக்கொண்டு இறகை முறித்துக்கொள்ளும். நுவரெலியா, அட்டன் குளிரில் அதிர்ச்சியில் இருக்கும் விலங்குக்கு உடம்புச் சூடு வேகமாக இறங்கும். ஒரு லீட்டர் போத்தலில் இளஞ்சூட்டு நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் விலகிக்கொள்ள இடம் வேண்டும். பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றோட்டம் பிடிக்கும். மயங்கிக் கிடப்பதன் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பனடோல் துண்டு எதற்கும் கூடாது; பூனை இனத்துக்கு அது நஞ்சு.

கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. கீரி, மரநாய், குரங்கு, எந்தப் பாலூட்டியும் பரப்பலாம்.

ஒப்படைக்கும்போது

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாடு, ஆடு, கோழிக்காக அமைந்தது. பெரும்பாலும் அங்கே விலங்கைத் தங்கவைக்கக் கூண்டோ இரவில் பார்க்க ஆளோ கிடையாது. அங்கே முதலுதவியை எதிர்பார்க்கலாம். வார்ட் வசதியை எதிர்பார்த்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. தனியார் கிளினிக்கிலும் இரவில் யார் இருப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

பெட்டியை வைத்துவிட்டு வர வேண்டாம். "இதை யாருடைய பெயரில் பதிவு செய்கிறீங்க டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். விலங்கு, கிடைத்த இடம், நேரம், ஏற்றுக்கொண்டவர் பெயர் கொண்ட ஒரு சீட்டை வாங்குங்கள், அல்லது அந்தப் பக்கத்தைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். மருந்துச் செலவைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். பலருக்கு அது சங்கடமான பேச்சு. ஆனால் காசைப் பற்றிய மௌனத்தில்தான் பாதி விலங்குகளின் சிகிச்சை நின்றுபோகிறது.

அடுத்து, எடை போட்டார்களா என்று பாருங்கள். எடை இல்லாமல் மருந்தளவு இல்லை. பைலில் எடை எழுதப்படவில்லை என்றால், விலங்கை யாரும் இன்னும் கையில் எடுக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வலி நிவாரணம் கொடுத்தாயிற்றா, சேலைன் ஏற்றியாயிற்றா, காயத்தைக் கழுவினார்களா, நாய்கள் குரைக்கும் அறையிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்களா, வனஜீவராசித் திணைக்களத்துக்கு யார் அறிவித்தார்கள் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கண்ணிக் காயம் பார்வைக்கு ஏமாற்றும். மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிள் போன்ற மெல்லிய கம்பி இடுப்பில் இறுகியிருந்தால், மேலே மயிர் ஒழுங்காகவே படிந்திருக்கும். ஈர விரலால் மயிரைப் பிரித்துப் பார்த்தால்தான் தோலில் சுற்றிவரப் பள்ளமாக ஒரு கோடு தெரியும். நசுங்கிய இடத்துக்கு இரத்தம் போகாமல் சில நாட்களில் தோலும் தசையும் கறுத்து அழுகும். "கம்பியை வெட்டியாச்சு, நல்லா நடக்குது, விட்டுடலாம்" என்று அன்றைக்கே விடுவதும் ஒருவகைக் கவனக்குறைவுதான். சிறுநீர் பால் சேர்க்காத பிளேன்டீ நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அதைக் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலம் தாழ்ந்தால் கெடுவது வேறு காயங்களிலும் உண்டு. திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு வைத்துவிடும். பறவையின் எலும்பு மூன்று வாரத்துக்குள்ளேயே கூடிவிடும். கோணலாகக் கூடினால் அந்தச் சிறகு திரும்பப் பறக்காது. ஆகவே, "திங்கட்கிழமை பார்ப்போம்" என்ற பதில் ஆந்தையின் முறிந்த சிறகுக்குப் பொருந்தாது.

எது கவனக்குறைவு இல்லை

இருட்டறையில் துணி போர்த்தி, யாரையும் பார்க்க விடாமல் வைத்திருந்தால் அது சரியான பராமரிப்பு. காட்டு விலங்குக்கு மனித முகமே பயம். நீங்கள் மணிக்கொரு தடவை எட்டிப் பார்ப்பதுகூட அதற்குக் கெடுதி. உடனே தீனி வைக்காததும் சரிதான். முதலில் உடம்பு சூடாக வேண்டும், நீர்ச்சத்து ஏற வேண்டும், பிறகுதான் உணவு. முதுகெலும்பு முறிந்த விலங்கை வலியில்லாமல் சாக விடுவதும் வைத்தியத்தின் பகுதிதான். வலிமருந்தும் இல்லை, முடிவும் இல்லை, "தானாகச் செத்துடும்" என்று விட்டுவைத்தால் அதுதான் கவனக்குறைவு. அதை நேராகச் சொல்லத் தயங்காதீர்கள்.

கவனிக்கவில்லை என்று தெரிந்தால்

முதலில் பொறுப்பு டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். "ஏன் பார்க்கல?" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். "இன்றைக்குள் உங்களால் இதைப் பார்க்க முடியாவிட்டால் எங்கே மாற்றலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் நேரான பதில் வரும். மாற்றுவதற்கு மலையகத்தில் கைக்கெட்டும் இடங்கள் இரண்டு: பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை, ரந்தெனிகலவில் உள்ள வனஜீவராசித் திணைக்கள மிருக வைத்தியப் பிரிவு. 1992க்குத் திரும்ப அழைத்து, முதல் அழைப்பின் நேரத்தைச் சொல்லி, அனுமதியோடு அனுப்புங்கள். நீங்களே வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்தியம் பார்க்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

அனுப்பும்போது கொடுத்த மருந்து, அளவு, நேரம் எழுதிய தாள் பெட்டியோடு போக வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் அதே வலிமருந்தை மறுபடியும் ஏற்றுவார். நீர்ச்சத்துக் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பேஸ்புக்கில் கிளினிக்கின் பெயரைப் போட்டுத் திட்டுவது மிகக் கெட்ட வழி. அந்தக் கிளினிக் அடுத்த முறை காட்டு விலங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பும். இடத்தைப் போட்டால் வேட்டைக்காரருக்கும் தகவல் கிடைத்துவிடும்.

முறைப்பாடு எழுதுவது

பதிவு பெற்ற மிருக வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை கால்நடை வைத்திய சபைக்கு எழுதலாம். அரச கால்நடை அலுவலகம் என்றால் மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களப் பணிப்பாளருக்கு. வனஜீவராசி அலுவலர் வரவேயில்லை என்றால் பத்தரமுல்லையிலுள்ள பணிப்பாளர் நாயகத்துக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "காலை 9.10க்கு ஒப்படைத்தேன். மாலை 4.30க்குப் பார்த்தபோது பெட்டி நான் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தது" என்று கண்ணால் கண்டதை நேரத்தோடு எழுதுங்கள். "வேண்டுமென்றே கொன்றார்கள்" போன்ற ஊகம் ஒரு வரி வந்தாலும் மீதி வரிகளின் பலம் போய்விடும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் மொழி உரிமைகளைப் பற்றியதுதான்.

விலங்கு இறந்துவிட்டால் உடனே புதைக்க விடாதீர்கள். பிரேத பரிசோதனை செய்யும்படி வனஜீவராசித் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். கண்ணிக் கம்பியையும் எறியாமல் உறையிலிட்டு அலுவலரிடம் கொடுங்கள். கண்ணி வைத்தவருக்கு எதிரான சான்று அது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: இன்ன திகதி 1992க்கு வந்த அழைப்பு பதிவானதா, எத்தனை மணிக்கு யார் அனுப்பப்பட்டார், விலங்கு எங்கே ஒப்படைக்கப்பட்டது, பிரேத பரிசோதனை அறிக்கையின் பிரதி. மறுத்தால் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.