சாக்லேட் சிப் குக்கீ பை: முதல்முறை செய்பவர்களுக்கு

பை செய்யப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் துணிப்பை தைப்பதாக நினைத்துக்கொண்டார்கள். இது தின்கிற பை. வெளியே உதிர்கிற மாவு ஓடு, உள்ளே அரைவேக்காட்டுக் குக்கீபோல் குழைந்த சாக்லேட் பூரணம். அமெரிக்காவில் இதை டோல் ஹவுஸ் பை என்பார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, 1930களில் சாக்லேட் சிப் குக்கீயை உருவாக்கினார். அந்தக் குக்கீயின் பெயர்தான் இந்தப் பைக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓட்டுக்கு: மைதா 160 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி.

பூரணத்துக்கு: முட்டை 2, மைதா 60 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், இளகிய வெண்ணெய் 170 கிராம், சாக்லேட் சிப்ஸ் 170 கிராம், நறுக்கிய அக்ரூட் 100 கிராம். பழுப்புச் சர்க்கரை இல்லையென்றால் நாட்டுச்சர்க்கரையைச் சலித்துப் போடுங்கள். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

1. ஓடு

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி, மைதா, உப்பு, சர்க்கரையோடு விரல்நுனியால் பிசறுங்கள். உள்ளங்கை பட்டால் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். ஆங்காங்கே பட்டாணி அளவில் வெண்ணெய் தெரிந்தால் நிறுத்திவிடலாம். அந்தத் துண்டுகள் அவனில் (பேக்கிங் அடுப்பில்) உருகி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகும்போதுதான் ஓடு அடுக்கடுக்காகப் பிரியும்.

இனி ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசைந்தால் ஓடு தோலாகிவிடும். தட்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு பூரிக்கட்டையால் தேய்த்து, 9 அங்குலத் தட்டில் பரப்பி, விளிம்பை மடித்து அழுத்தி, மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். உலோகத் தட்டு நல்லது. கண்ணாடித் தட்டு குளிரிலிருந்து நேரே சூட்டுக்குப் போனால் விரிசல் விடலாம்.

2. பூரணம்

அவனை 165 டிகிரி செல்சியஸில் சூடாக்கத் தொடங்குங்கள். முட்டை முன்பே வெளியே எடுத்துவைத்ததாக இருக்கட்டும். சில்லென்ற முட்டையில் வெண்ணெய் திரிந்து நிற்கும். முட்டையை நுரைக்க அடித்து, மைதாவும் இரு சர்க்கரைகளும் சேர்த்து அடியுங்கள். பிறகு வெண்ணெய். கடைசியில் சிப்ஸும் அக்ரூட்டும் கரண்டியால் கலந்தால் போதும். ஓட்டில் ஊற்றிச் சமப்படுத்துங்கள். இவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை.

3. சுடுவது

கீழ்த்தட்டில் வைத்து 55 முதல் 60 நிமிடம். கீழிருந்து சூடு ஏறினால்தான் அடி ஓடு வேகும். நாற்பதாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். விளிம்பு கருகப்பார்த்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

வெந்ததா என்று அறிய, விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் கத்தியைச் செருகுங்கள். மாவு ஒட்டாமல் வர வேண்டும். சாக்லேட் தீற்றல் இருந்தால் பரவாயில்லை. தட்டை அசைத்தால் நடுப்பகுதி லேசாகத் ததும்பும். அது பச்சை மாவு என்று பயந்து இன்னும் பத்து நிமிடம் விட்டால், ஓட்டுக்குள் காய்ந்த பிஸ்கட்தான் மிஞ்சும். இரண்டு முட்டைக்கு 60 கிராம் மைதா மட்டுமே இருப்பதால் பூரணம் சூட்டில் முழுதாக இறுகாது. ஆறும்போது வெண்ணெயும் சாக்லேட்டும் கெட்டியாகித்தான் நிற்கும்.

முதல்முறை செய்தபோது வாசனைக்கு மயங்கி, வெளியே எடுத்த கால் மணி நேரத்திலேயே கத்தியை வைத்தேன். பூரணம் தட்டெங்கும் வழிந்து ஓடியது; நாங்கள் அதைக் கரண்டியால் பாயசம்போல் குடித்தோம். நீங்கள் இரண்டு மணி நேரமாவது ஆற விடுங்கள். இளஞ்சூடாக வேண்டுமென்றால், வெட்டிய துண்டை மட்டும் அவனில் சில நிமிடம் வைத்து, மேலே ஒரு கரண்டி வனிலா ஐஸ்கிரீம் போட்டுக்கொள்ளலாம்.