பதிவுப் பெட்டிக்காக ஒரே கேபிளைப் பிரிக்க வேண்டாம்

ஓர் அறையில் ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே வேறோர் அறையில் இன்னொன்றைப் பார்க்க விரும்பினால், மாடியிலிருந்து வரும் கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்காமல், டிஷ்ஷில் நான்கு வெளியீடுகள் கொண்ட எல்என்பியை (டிஷ்ஷின் முன் நின்று சிக்னலைப் பிடிக்கும் கருவி) பொருத்தி, ஒவ்வொரு டியூனருக்கும் (பெட்டிக்குள் சேனலைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) தனிக் கேபிள் இழுத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும்போது எல்என்பி செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் அனுப்பும்போது கிடைமட்ட அலைகளையும் எடுத்துத் தருகிறது. ஒரே கேபிளில் இரு பெட்டிகள் இருந்தால் 18 வோல்ட்டே மேலோங்கும் என்பதால், மற்ற அறையில் பல சேனல்கள் மறைந்து, பதிவும் வெறுமையாகிவிடும். இரண்டு வெளியீடுகளே போதும் என்று தோன்றினாலும் நான்காகவே வாங்குங்கள்; மீண்டும் ஆளை மாடிக்கு ஏற்றும் கூலி பெரும்பாலும் அந்த விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒரே கேபிளில் பல டியூனர்களுக்குச் சிக்னல் தரும் யூனிகேபிள் வகை எல்என்பியும் அதை ஏற்கும் பெட்டியும் இருந்தால் இந்த ஏற்பாடு தேவையில்லை. அதில் ஒவ்வொரு டியூனருக்கும் தனி அதிர்வெண் ஒதுக்கப்படுகிறது.